ஓய்ந்த டர்பைனும் ஓயாத காற்றாலையும்

1990களில் இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மலைக்கிராமங்களில், மின்சார சபையின் கம்பிக்காகக் காத்திருந்து அலுத்தவர்கள் ஓடையை மறித்தார்கள். சிரமதானத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரைக் குழாய் வழியே சரிவில் இறக்கி, உள்நாட்டுப் பட்டறையில் செய்த டர்பைனைச் சுழற்றினார்கள். மின்நுகர்வோர் சங்கம் அமைத்து மாதச் சந்தாவும் வசூலித்தார்கள். 1997இல் உலக வங்கிக் கடனுதவி வந்தபின் இத்தகைய திட்டங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின.

ஒரு வீட்டின் பங்கு ஏறத்தாழ 200 வாட். நாலைந்து பல்பு எரியும், ஒரு ரேடியோவும் ஒரு டிவியும் ஓடும். மின்னழுத்தியைச் செருகினால் பக்கத்து வீட்டு வெளிச்சம் மங்கும். ஊர் உறங்கும் நேரத்து மின்சாரமோ தண்ணீர்த் தொட்டிக்குள் போட்ட ஹீட்டரைச் சூடாக்கியே வீணானது. சபையின் கம்பி வந்ததும் பெரும்பாலான டர்பைன்கள் நின்றுபோயின.

தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி வேறு கணக்குப் போட்டது. 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1.55 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 40 லட்சம் ஊராட்சியின் கையிருப்பு. மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஊரில் அல்ல, காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம். உற்பத்தி நேரே அரசு மின்கம்பிக்குப் போகும். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்சாரம் போக மிஞ்சியதை ஊராட்சி விற்றது. அந்த வருமானம் கடனை அடைத்தது.

இரண்டுமே ஊர்ச் சொத்துதான். ஒன்றை அரசுக் கம்பி விழுங்கியது, மற்றதை அதே கம்பி வாழவைத்தது. இலங்கையிலும் ஒருசில சங்கங்கள் பிற்பாடு தம் மின்சாரத்தைச் சபைக்கு விற்கத் தொடங்கின. ஆனால் பல ஊர்களில் அந்த வழி திறக்குமுன்பே இயந்திரம் துருப்பிடித்துவிட்டது.

தனி வீட்டுக் கூரையில் சூரியப் பலகை என்று வந்தால், அரசின் உதவி வரும் நேரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இலங்கையின் கூரைச் சூரிய மின் திட்டமான 'சூரிய பல சங்கிராமய' 2016இல் தொடங்கியபோது, விற்கும் யூனிட்டுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாய் என்றது. இந்தியாவில் 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டமோ, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என மானியத்தைப் பலகை பொருத்தி முடித்ததும் ஒரே தடவையில் தருகிறது. முன்னது கையில் முதலுள்ளவருக்கு லாபம், பின்னது சிறிய கூரைக்கும் எட்டும். கொழும்பு கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிக் குடித்தனக்காரருக்குத் தனிக் கூரை இல்லை. கிராமத்தவருக்குக் கூரை உண்டு, கடனுக்குக் காட்டப் பிணை இல்லை. தமிழ்நாட்டிலோ இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், அதற்குள் அடங்கும் வீட்டுக்குப் பலகை வாங்கி மிச்சமாவது ஒன்றுமில்லை.

டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்த வட இலங்கையின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்தியாவின் 1.1 கோடி டொலர் கொடையில் காற்று, சூரிய மின் திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அங்கே உற்பத்தியாகும் யூனிட்டில் ஒரு பங்காவது, ஓடந்துறையில் போல, உள்ளூராட்சிச் சபையின் கணக்கில் சேருமா என்பதைத் தீவு மக்கள் இப்போதே கேட்டு வைக்கலாம்.