முந்தி வந்தவர் பாட்டும் நட்டு வளர்த்தவர் பாட்டும்

எனது வாப்பா மாத்தளையிலிருந்து லக்கலப் பக்கத்துச் சந்தைகளுக்குத் துணி மூட்டை கொண்டுபோய் வியாபாரம் செய்தவர். பாடசாலை விடுமுறைகளில் நானும் கூடப் போவேன். றத்தோட்டையைத் தாண்டி றிவஸ்டன் மலையேறி மறுபக்கம் இறங்கினால், இலுக்கும்புறைக்கு அப்பால் பல்லேகம வரும். அங்கே சேனைப் பயிர் செய்யும் முதியவர் ஒருவர், கடை முன்னால் குந்தியிருந்து சிங்களக் கவி சொல்வார். ஒருநாள் அவர் சொன்ன கவியைக் கேட்டுச் சந்தையே சிரித்தது. வாப்பாவும் சிரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது அர்த்தம் கேட்டேன். “முதலாளியின் முழக்கோல் மழைக்காலத்தில் சுருங்கிப் போகுதாம். நம்மைத்தான் சொல்றான்” என்றார். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பொய்யும் இல்லை” என்றார்.

எதிர்ப்புப் பாடல் பற்றி நான் கற்ற முதற்பாடம் அதுதான். பாடலில் எப்போதும் நாம் பாதிக்கப்பட்டவர் பக்கத்தில்தான் நிற்போம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதே பஸ்ஸில் றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பெண்கள் ஏறுவார்கள். கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் கேலி செய்யும் பாட்டுகளை அவர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். ஒரே மலையின் இருபுறத்திலும் இரண்டு மொழிகளில் இரண்டு முறைப்பாடுகள். ஒன்றை ஒன்று கேட்டதாகத் தெரியவில்லை.

அண்மையில் மெல்பேர்னில் வசிக்கும் மருமகன் ஒருவர் அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் உரிமைப் பாடல்கள் சிலவற்றை அனுப்பி வைத்தார். ஆர்ச்சி றோச் 1990இல் வெளியிட்ட, தாய்மாரிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைகள் பற்றிய பாடல் அவற்றுள் ஒன்று. அவரும் அவ்வாறு பறிக்கப்பட்ட பிள்ளையே. அந்தக் கொடுமைக்கு அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2008இல். போல் கெலியும் கெவ் கார்மடியும் சேர்ந்து எழுதிய இன்னொரு பாடல், 1966இல் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையை விட்டு வெளிநடப்புச் செய்த குரிஞ்சி மக்களின் கதையைச் சொல்கிறது. வின்சன்ட் லிங்கியாரி தலைமையிலான அந்தப் போராட்டம் கூலியில் தொடங்கி நிலத்தில் முடிந்தது. 1975 ஓகஸ்டில் பிரதமர் விட்லம் லிங்கியாரியின் கையில் மண்ணை அள்ளிப் போட்டார். பாடல்கள் இருந்தும் 2023 ஒக்டோபர் சர்வஜன வாக்கெடுப்பில் ஆதிக்குடிகளுக்கான ஆலோசனைக் குரலை அந்நாட்டுப் பெரும்பான்மை நிராகரித்ததையும் மறக்கலாகாது. பாடல் சட்டத்துக்கு மாற்றாகாது.

இப்பாடல்களின் அடிநாதம் ஒன்றுதான்: நாங்கள் முதலில் இங்கிருந்தோம். அவுஸ்திரேலியாவில் அது பலவீனர்களின் வாயிலிருந்து வருகிறது. அதனால் அதற்கு ஒரு தார்மீக வலிமை உண்டு. அதே வாசகத்தை அப்படியே இலங்கைக்கு இறக்குமதி செய்ய முடியுமா என்பதே எனது கேள்வி. இங்கே ‘முதலில் வந்தவர் நாங்கள்’ என்பது பெரும்பான்மையின் ஆயுதம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியபோது அதன் பின்னால் நின்ற நியாயம் இதுவே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியவர்களும் அந்த மண் தமக்கே உரியது என்றுதான் எண்ணினார்கள். 2018 மார்ச்சில் திகனையில் கடைகள் எரிந்தபோதும் ‘வந்தேறிகள்’ என்ற சொல் காதில் விழுந்தது.

உண்மையில் முந்தியவர்களான வேடுவர்களின் நிலை என்ன? 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது அவர்களது வேட்டைக்காடு சட்டவிரோதப் பிரதேசமானது. அவர்களது தலைவர் திசாஹாமி 1998இல் மறைந்தார். முந்தி வந்த உரிமையை உரத்துப் பேசுவோர் எவரும் அவர்களுக்குக் காட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் மலையகப் பாடலின் தனித்தன்மை எனக்குப் புலப்படுகிறது. அது ‘முந்தி வந்தேன்’ என்று வாதிடுவதில்லை. ‘நட்டேன், வளர்த்தேன்’ என்றே வாதிடுகிறது. 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டுக்குப் பலியானார். அதே ஆண்டில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், இலங்கை இந்தியரின் நிலைமை பற்றிய பாடல்களை நூலாக்கினார். கூட்டங்களில் அவர் பாடிய பிறகே கணவர் பேசுவார் என்பர். எழுத்தறியாத கூட்டத்துக்குப் பாட்டே துண்டுப் பிரசுரமானது. இலக்கிய விமர்சகர்கள் ‘பிரசாரம்’ என்று ஒதுக்கக்கூடியவை அவை. ஆனால் யாரிடம், எந்த இடத்தில், எதற்காகப் பாடப்பட்டன என்பதைக் கழித்துவிட்டு அவற்றை மதிப்பிடுவது நியாயமாகாது.

சி.வி. வேலுப்பிள்ளை வேறு வழியில் போனவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1954இல் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை, சக்தி பால-ஐயாவின் தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ ஆயிற்று. தேயிலைச் செடியின் அடியில் புதையுண்டவனுக்கு அந்த மண்ணில் பாத்தியதை உண்டு என்பதே இந்த மரபு முழுவதன் வாதம். அதில் வேறெவரையும் வெளியேற்றும் தேவை இல்லை.

அந்த வாதம் 2021இல் உலகம் முழுதும் ஒலித்தது. தீ, அறிவு இருவரும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’யின் வேர், இலங்கைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப எழுதியது. அந்த எண்ணுக்குள் இருந்த பெண்களின் குரலுக்கு அப்பாடல் இடம் கொடுத்தது. நட்டவர் பயனை அனுபவிக்காத கதைதான் அதன் பொருள். ஆயினும் நடந்ததைப் பாருங்கள். 2021 ஓகஸ்டில் றோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவு இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க மேடையில் பாடல் ஒலித்தபோதும் அவர் இல்லை. பாடலின் ஆக்கத்தில் எவரின் பங்கு எவ்வளவு என்று பகிரங்கமாகவே சர்ச்சை எழுந்தது. அதில் தீர்ப்புச் சொல்வது எனது வேலை அல்ல. நட்டவன் பெயர் மறையும் கொடுமையைப் பற்றிய பாடலிலேயே பெயர் பற்றிய வழக்கு எழுந்தது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

இனி லக்கலவுக்குத் திரும்புவோம். ‘நட்டவன்’ வாதத்துக்கும் ஒரு குறை உண்டு. நட்ட நிலம் யாருடையது? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் சட்டம் கண்டிய விவசாயியின் சேனைக் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அரச உடைமை என்றது. கோப்பித் துரைமாருக்கு அது விற்கப்பட்டது. வரிகளின் வெம்மையும் சேர்ந்து 1848இல் மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். காட்டை இழந்தவன் ஒருவன்; அக்காட்டை வெட்ட வடக்குப் பாதையில் நடத்திக் கொண்டுவரப்பட்டவன் இன்னொருவன். தோட்டத்துப் பாட்டில் முன்னவன் இல்லை. கிராமத்துக் கவியில் பின்னவன் அந்நியன். துரையோ இருவர் பாட்டுக்கும் வெளியே தப்பிவிட்டான். எதிர்ப்புப் பாடல்களின் தோல்வி என்று நான் கருதுவது இதனையே.

நான் வாப்பாவுடன் போன பழைய பல்லேகம இப்போது இல்லை. களு கங்கை நீர்த்தேக்கம் 2018இல் நிரம்பத் தொடங்கியது. மக்கள் புதிய லக்கல நகரத்துக்கும் குடியேற்றங்களுக்கும் போனார்கள். அந்தத் தண்ணீரில் தூரத்து வயல்கள் விளைகின்றன. அதை நன்மையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிலம் விட்டவனின் கவி எங்கே பதிவாயிற்று? 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மூதாதையர் வந்த வழியே மலையக மக்கள் நடந்தார்கள். அந்த நடை முடிந்த மாத்தளையிலிருந்து லக்கல ஒரு பஸ் தூரம்தான்.

இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்கள் நாம். சந்தையில் இரு பக்கத்தாருடனும் பேசியவர்கள். இந்தப் பாட்டுகளையும் கவிகளையும் அருகருகே வைத்துத் தொகுக்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. தொகுக்கும்போது முழக்கோல் கவியையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் நம் தொகுப்பு சுருங்கிய முழக்கோலாகவே இருக்கும்.