டர்போ இன்ஜினும் மாற்றுக் கேம்ஷாஃப்டும்: எண்ணைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் வழக்கம்

சிலிண்டருக்குள் காற்று எப்போது நுழைய வேண்டும், எரிந்த புகை எப்போது வெளியேற வேண்டும் என்பதை வரையறுப்பது கேம்ஷாஃப்ட். கிராங்க்ஷாஃப்ட் இரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் ஒரு சுற்றே சுற்றும் இத்தண்டின் மேடுகள் வால்வுகளை அழுத்தித் திறக்கின்றன. தொழிற்சாலை பொருத்திய தண்டைக் கழற்றிவிட்டு, வால்வுகளை இன்னும் அதிக நேரமும் அதிக உயரமும் திறந்து வைக்கும் தண்டொன்றைப் பொருத்துவது, டர்போ இன்ஜின்களின் திறனைக் கூட்ட முனைவோரிடையே நெடுநாளாக உள்ள வழக்கமாகும். மிட்சுபிஷியின் லான்சர் எவல்யூஷன் கார்களில் 1992 முதல் ஒன்பதாம் தலைமுறை முடிய இடம்பெற்ற 4ஜி63 இன்ஜின் இவ்வழக்கத்தின் நிறைகுறைகளை ஆராய ஏற்றது. 1997 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், நான்கு சிலிண்டர்களும், பதினாறு வால்வுகளும், உள்ளிழுப்புக்கு ஒன்றும் வெளியேற்றத்துக்கு ஒன்றுமாக இரு கேம்ஷாஃப்டுகளும் கொண்ட அந்த இன்ஜினுக்கு ஜப்பானின் எச்கேஎஸ் முதலிய நிறுவனங்கள் விற்ற தண்டுகள் 264, 272, 280 என்னும் எண்களாலேயே அறியப்பட்டன. வாங்குவோரும் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்தே முடிவு செய்தனர்.

அந்த எண் குறிப்பது திறப்புக்காலத்தை, அதாவது ஒரு வால்வு திறந்திருக்கும் காலத்தில் கிராங்க்ஷாஃப்ட் எத்தனை டிகிரி சுழல்கிறது என்பதை. ஆனால் வால்வு திறந்துவிட்டதாக எந்தப் புள்ளியிலிருந்து கணக்கிடுவது என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லை: வால்வு இருக்கையை விட்டு அசைந்த கணத்திலிருந்து கணக்கிடுவோர் உண்டு, ஒரு மில்லிமீட்டர் எழுந்த பின் கணக்கிடுவோரும் உண்டு. ஆகவே இரு நிறுவனங்களின் 272 என்பது ஒரே தண்டாக இருக்க வேண்டியதில்லை. ஒரே முறையில் அளந்தாலும், மேடு எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்குகிறது என்பதைப் பொறுத்து, சம திறப்புக்காலமும் சம உயரமும் கொண்ட இரு தண்டுகள் வெவ்வேறு அளவு காற்றை உள்ளே விடக்கூடும்.

இதனினும் பெரிய மறைப்பு, மேடுகளுக்கு இடையிலான கோணத்தில் இருக்கிறது. உள்ளிழு மேட்டின் நடுவுக்கும் வெளியேற்று மேட்டின் நடுவுக்கும் இடைப்பட்ட இக்கோணமும் திறப்புக்காலமும் சேர்ந்தே, இருவகை வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் ஓவர்லேப் என்னும் இடைவேளையைத் தீர்மானிக்கின்றன. இரு மேடுகளும் 272 டிகிரி கொண்டு, இடைக்கோணம் 112 டிகிரியாக இருப்பின் ஓவர்லேப் 48 டிகிரி ஆகும். அதே 272 தண்டின் இடைக்கோணம் 108 ஆகக் குறைந்தால் அது 56 டிகிரியாக உயர்ந்து, 112 டிகிரி இடைக்கோணமுள்ள 280 தண்டின் ஓவர்லேப்புக்குச் சமமாகிவிடுகிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் இதில் எதையும் சொல்வதில்லை.

டர்போ இன்ஜினில் ஓவர்லேப் நன்மையா தீமையா என்பது தண்டைப் பார்த்துச் சொல்லக்கூடியதே அன்று. புகையின் விசையால் சுழலும் டர்பைன் சக்கரம் புகையின் வழியில் ஒரு தடையாக நிற்பதால், வெளியேற்றுக் குழாயில் பின்னழுத்தம் எழுகிறது. சிறிய டர்போ பொருத்திய சாலைக் கார்களில், உச்சச் சுழற்சி வேகத்தை நெருங்குகையில் இப்பின்னழுத்தம் பூஸ்ட் எனப்படும் உள்ளிழுப்பு அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்காகவோ இரு மடங்காகவோ ஏறுவது அரிதன்று. அந்நிலையில் இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருந்தால், சூடான புகை சிலிண்டருக்கும் உள்ளிழுப்புக் குழாய்க்கும் பின்னேறிப் புதிய காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கலவையின் வெப்பநிலை உயர்ந்து, எரிபொருள் முறைகெட்டு வெடிக்கும் நாக்கிங் என்னும் தட்டலுக்கு வழி பிறக்கிறது. டர்பைன் பெரிதாக இருந்து பூஸ்ட் பின்னழுத்தத்தை மிஞ்சுமானால் நிலைமை தலைகீழாகும்; புதிய காற்று எஞ்சிய புகையைத் தள்ளிக்கொண்டு சிலிண்டரைக் கழுவிச் செல்கிறது. இதிலும் ஒரு விலை உண்டு: 4ஜி63 போல உள்ளிழுப்புக் குழாயிலேயே பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜினில் கழுவிச் செல்லும் காற்றோடு எரியாத பெட்ரோலும் வெளியேறுவதால், வினையூக்கி மாற்றி அளவுக்கு மீறிச் சூடேறுகிறது, ஆக்சிஜன் உணரியும் கலவையில் பெட்ரோல் குறைவென்று பொய்யாகக் காட்டிவிடுகிறது.

எவல்யூஷன் வரிசையில் 1996இல் வந்த நான்காம் தலைமுறை முதல் இடம்பெற்ற, புகையை இரு தனி வழிகளில் டர்பைனுக்கு விடும் இரட்டைச் சுருள் டர்போ இவ்விடத்தில் கவனத்துக்குரியது. 1-3-4-2 என்னும் எரிவரிசையில் முதல் சிலிண்டர் ஓவர்லேப்பில் இருக்கும் நேரத்தில்தான் மூன்றாம் சிலிண்டரின் வெளியேற்று வால்வு திறந்து, உயரழுத்தப் புகை பீறிட்டு வருகிறது. எல்லாக் குழாய்களும் ஓரிடத்தில் கூடினால் அந்தப் புகை முதல் சிலிண்டருக்குள் புகுந்துவிடும். 1, 4 ஆகியவற்றை ஒரு சுருளுக்கும் 2, 3 ஆகியவற்றை மற்றொன்றுக்கும் பிரித்து அனுப்பும்போது அது தடைபடுகிறது. ஒற்றைச் சுருள் டர்போவில் தாங்காத தண்டை இரட்டைச் சுருள் டர்போ தாங்குவதற்குக் காரணம் இதுவே. ஒரு காருக்குப் பொருந்திய தண்டை இன்னொரு காருக்குப் பரிந்துரைப்போர் டர்போவின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, குழாய்கள் கூடும் விதத்தைக் கேளாமல் விடுவது வியப்புக்குரிய மறதி.

இப்பின்னணியில், எதிரெதிரான இரு பழங்கொள்கைகளும் குறைபட்டவையாகவே தெரிகின்றன. டர்போ இன்ஜினுக்கு ஓவர்லேப் ஆகாது என்பது ஒன்று. பின்னழுத்தம் மிகுந்த பழைய டர்போக்களின் அனுபவத்தில் பிறந்த அவ்விதி, அந்த டர்போக்களுக்கு இன்றும் மெய்யே, ஆனால் எல்லாவற்றுக்குமான விதி அன்று. காற்றைத் திணிக்க டர்போ இருக்கையில் தண்டை மாற்றுவது வீண், பூஸ்டைக் கூட்டினால் போதும் என்பது மற்றொன்று. இது பூஸ்ட் என்பதன் இயல்பையே தவறாகக் கொள்கிறது. பூஸ்ட் மானி காட்டுவது உட்சென்ற காற்றின் அளவை அன்று. செல்ல முடியாமல் குழாயில் நெருக்குண்டு நிற்கும் அழுத்தத்தையே. தண்டு வழியைத் திறந்துவிட்டால் அதே அளவு காற்று குறைந்த பூஸ்டில் உட்செல்கிறது. காற்றை அழுத்துவதால் எழும் வெப்பமும் குறைகிறது. மாற்றுத் தண்டுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதங்களுள் வலியது இதுவே எனலாம்.

ஆயினும் அந்த ஆதாயம் எங்கே கிடைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உள்ளிழு மேட்டின் நடு 110 டிகிரியில் அமைந்தால், 248 டிகிரித் தண்டு பிஸ்டன் அடிமுனையைக் கடந்து 54 டிகிரியில் வால்வை மூடுகிறது. 272 டிகிரித் தண்டோ 66 டிகிரியில்தான் மூடுகிறது. வேகமாகச் சுழல்கையில் காற்றின் உந்தம் அந்தத் தாமதத்தை ஆதாயமாக்கும். மெதுவாகச் சுழல்கையில், மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திருப்பித் தள்ளிவிடும். எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 7000 சுற்றில் முறுக்குவிசை 340 நியூட்டன் மீட்டரிலிருந்து 380 ஆக உயர்ந்தால் ஆற்றல் ஏறத்தாழ 249 கிலோவாட்டிலிருந்து 279 ஆகிறது; 3000 சுற்றில் முறுக்குவிசை 300இலிருந்து 260 ஆகக் குறைந்தால் இழப்பு ஏறத்தாழ 13 கிலோவாட் மட்டுமே. கணக்கில் இது நல்ல வியாபாரமாகத் தோன்றும். ஆனால் அன்றாடச் சாலையில் கார் ஓடும் நேரமெல்லாம் 3000 சுற்றை ஒட்டியே கழிகிறது என்பதோடு, டர்போவைச் சுழற்றிவிடும் புகையும் அப்பகுதியில்தான் குறைந்துபோகிறது. பூஸ்ட் எழுவது தாமதமாகிறது. ஆற்றலை அளக்கும் டைனமோமீட்டரின் உச்சப்புள்ளி விளம்பரத்துக்கு உதவும் அளவுக்கு ஓட்டுநருக்கு உதவுவதில்லை.

தண்டோடு சேர்த்து வாங்க வேண்டிய வால்வு ஸ்பிரிங்குகள் பலரால் செலவுக் கணக்கில் தள்ளிவைக்கப்படுகின்றன. பூஸ்ட், மூடியிருக்கும் உள்ளிழு வால்வின் முதுகை அழுத்தித் திறக்கப் பார்க்கிறது: 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வின் மேல் 2 பார் பூஸ்ட் ஏறத்தாழ 18 கிலோகிராம் விசையாகும். ஸ்பிரிங்கின் இருக்கை விசையில் அந்த அளவு கழிந்துபோவதால், உயர்வேகத்தில் வால்வு மேட்டைப் பின்தொடராமல் மிதக்கிறது, அல்லது இருக்கையில் மோதித் துள்ளுகிறது. அதற்காக மிகக் கடினமான ஸ்பிரிங்கே பாதுகாப்பு என்பதும் சரியாகாது. தேவைக்கு மேற்பட்ட விசை மேடுகளையும், மேட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் கைகளையும் தேய்க்கிறது. உருளை பொருத்திய ராக்கர்களைக் கொண்ட 4ஜி63 இதை ஓரளவு தாங்கும். நிஸ்ஸானின் எஸ்ஆர்20டிஇடி இன்ஜினிலோ உயர்வேகத்தில் ராக்கர் கை இடம்பெயர்ந்து தெறிப்பதே அறியப்பட்ட பலவீனமாக இருப்பதால், அதைத் தடுக்கும் நிறுத்திகளுக்குத் தனிச் சந்தையே உருவானது. உயரம் கூட்டிய தண்டில், ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுமா, வால்வு பிஸ்டனைத் தொடுமா என்பதையும் கையால் சுழற்றி அளந்து பார்த்தாக வேண்டும்.

காற்றளவியைப் பற்றியும் ஒரு சொல். எவல்யூஷன் கார்களின் காற்றளவி, காற்றோட்டத்தில் எழும் கார்மன் சுழிகளை எண்ணிக் காற்றின் அளவைக் கணிக்கிறது. ஓவர்லேப் மிகுந்த தண்டு, கார் நின்றபடி இன்ஜின் ஓடும் நிலையில் உள்ளிழுப்புக் குழாயில் முன்னும் பின்னுமான துடிப்பை எழுப்புவதால் அக்கணக்கு பிசகி, ஓட்டம் தடுமாறுகிறது. கணினியின் எரிபொருள் வரைபடத்தை மாற்றி எழுதாமல் தண்டை மட்டும் மாற்றுவது பாதி வேலையே.

2005இல் வந்த ஒன்பதாம் எவல்யூஷன், உள்ளிழுத் தண்டின் கோணத்தை ஓட்டத்திலேயே முன்பின் நகர்த்தும் மிவெக் அமைப்பைப் பெற்றது. குறைவேகத்தில் ஒரு கோணமும் உயர்வேகத்தில் வேறொரு கோணமுமாகத் தண்டு தன்னை மாற்றிக்கொள்வதால், 272இன் குறைவேக இழப்பில் ஒரு பகுதி இங்கே மீட்கப்படுகிறது. எனினும் தண்டு முற்றிலும் முன்னகர்ந்த நிலையில் வால்வு பிஸ்டனை நெருங்கும் தூரத்தைத் தனியே அளக்க வேண்டிய கடமை கூடுகிறது. மிவெக் இல்லாத முந்தைய கார்களில் கோணம் மாற்றத்தக்க கேம் பற்சக்கரம் அதே வேலையை ஒருமுறைத் தேர்வாகச் செய்கிறது. தொழிற்சாலை டர்போவை வைத்துக்கொண்டு சாலையில் ஓட்டுபவருக்கு 264 போதுமானது. 280 அவருக்குப் பொருந்தாது. பெரிய டர்போ பொருத்தியவர் தண்டு வாங்கும் முன், வெளியேற்றுக் குழாயில் ஒரு சிறு துளையிட்டு, வெப்பம் தாங்கும் உலோகக் குழல் வழியே ஒரு மானியை இணைத்து, அவ்வழுத்தத்தைப் பூஸ்டோடு சேர்த்து ஒவ்வொரு சுழற்சி வேகத்திலும் பதிந்து பார்க்கலாம். அந்த மானியின் விலை, பிழையாக வாங்கிய ஒரு சோடித் தண்டுகளின் விலையில் சிறு பகுதியே.