தாழ் விழும் ஓசை

அமெரிக்க முகாம் மைதானங்களில் காலை வேளையில் நின்று பார்க்கத் தகுந்த வேலை ஒன்று உண்டு. மோட்டார் ஹோம், அதன் பின்னால் டிரெய்லர், டிரெய்லரின் மேல் ஒரு கார்: இவற்றை ஒன்றாகப் பூட்டும் வேலை. ஓட்டுநர் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்க, துணைக்கு வந்தவர் கைகாட்டுவார். டிரெய்லரின் முனை வண்டியின் பின்புறமுள்ள இரும்புக் குண்டின் மேல் இறங்கித் தாழ் விழும்போது 'டொக்'கென்று அழுத்தமான ஓசை. கைதேர்ந்தவர்கள் அதோடு விடுவதில்லை. ஜாக்கியால் முனையைச் சற்றே உயர்த்தி, பிடி கழலவில்லை என்று பார்த்துக்கொள்வார்கள். பிறகு இரண்டு சங்கிலிகளை முனைக்கு அடியில் குறுக்காக மாட்டுவார்கள்; பூட்டு விட்டுப்போனாலும் அவை தொட்டில் மாதிரி முனையை ஏந்திக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது காரை நிறுத்தும் நிதானம். டிரெய்லரும் காரும் சேர்ந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முனையில் அமர வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் அலையும். அதனால் ஒரு சாண் முன்னே, நாலு விரல் பின்னே என்று காருக்கு இடம் தேடுகிறார்கள். டயர்களின் மேல் பட்டையைப் போட்டு ராட்செட்டை இறுக்கும்போது எழும் 'கிரிக் கிரிக்' சத்தமே தனி அழகு. சொரசொரப்பான நெசவு மெல்ல விறைத்து, தட்டினால் 'தும்'மென்று அதிரும். பிரேக் விளக்கையும் திரும்பும் விளக்கையும் இருவராகச் சரிபார்த்த பிறகே புறப்பாடு. சில மைல் போனதும் ஓரங்கட்டி, பட்டைகளை மறுபடி இறுக்குவார்கள். ஓட்டத்தில் அவை சற்றுத் தளர்வது இயல்பு.