விளம்பரத்தோடு சேர்த்து விரட்டப்படும் ஊர்க்காரர்

டி. கல்லுப்பட்டி பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஊரை அறிந்தவருக்காகத் திறந்துவைத்த அந்த வாசல் வழியாகவே மனை விற்பவரின் கைபேசி எண்ணும் சூதாட்டத் தளத்தின் இணைப்பும் உள்ளே வரலாம்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் பெரிய பாதுகாப்பு பக்க வரலாறுதான். எந்தத் திருத்தமும் நாள், நேரத்தோடு பதிவாவதால், விளம்பரம் செருகியவரின் உழைப்பை ஒரே சொடுக்கில் மீளமைத்துவிடலாம். தரவரிசைக்குக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ குறி வெளியிணைப்புகளில் சேர்க்கப்பட்டதால், தேடுபொறியில் முன்னுக்கு வரும் ஆதாயமும் குறைந்தது. ஆனால் படிப்பவர் சொடுக்கினாலே போதும் என்று நினைப்பவரை அது தடுக்காது. அவர்களுக்கென்றே எல்லா விக்கித் திட்டங்களுக்கும் பொதுவான தடைப்பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள முகவரியைச் சேர்த்தால் பக்கம் சேமிக்கப்படாது. ஆள்பலம் குறைந்த தமிழ்ச் சமூகத்துக்கு இது பேருதவி.

என் குறை வேறு. ஏழூர் முத்தாலம்மன் திருவிழாவில் சப்பரம் எந்தத் தெரு வழியாக வரும் என்று கல்லுப்பட்டிக்காரர் ஒருவர் நான்கு வரி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியலில், புதிய திருத்தங்களைக் கண்காணிக்கும் சுற்றுக்காவலர் காண்பது ஒரு புதிய பெயர், கூடிய பைட்டுகளைச் சொல்லும் பச்சை எண், சான்றில்லாத பத்தி. விளம்பரக்காரரின் முதல் திருத்தமும் இப்படித்தான் தெரியும். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தங்கியிருந்த, அதே ஊரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தைப் பற்றி எழுத அச்சில் சான்று கிடைக்கும். சப்பரத்தின் பாதைக்குப் பெரும்பாலும் ஊர் வாய்ச்சொல்தான். கை தானாக மீளமைப்பை நோக்கிப் போகிறது. காவலரையும் குறைசொல்ல முடியாது, சான்றில்லாத வரிகளில்தான் பொய்யான சாதிப்பெருமையும் ஒளிந்து வருகிறது. ஆனால் திருத்தம் அழிக்கப்பட்டவருக்குப் பல நேரம் காரணம்கூடத் தெரிவதில்லை. கணக்குத் தொடங்கும்போது கோணல்மாணலான ஆங்கில எழுத்துகளைப் படித்துத் தட்டச்சிடச் சொன்ன சோதனையும் பல ஆண்டுகளாகத் தமிழ் மட்டும் அறிந்தவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது. தானியங்கிகளுக்காக வைத்த வேலி அது.

விளம்பரத்தையும் ஊர்க்காரரின் எழுத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினமல்ல. விளம்பர இணைப்போ தொலைபேசி எண்ணோ இருந்தால் காவலர் உடனே மீளமைக்கட்டும். வெறும் உரைநடை என்றால், யாரையும் இழிவுபடுத்தாதவரை, ‘சான்று தேவை’ என்ற குறிப்பை இட்டு, எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி கேட்கட்டும்: திருவிழா அழைப்பிதழோ, நாளிதழ்ச் செய்தியோ கையில் இருக்கிறதா என்று.