ஓஎஸ் கொடுத்தோம், ஆள் கொடுத்தோமா?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு இரண்டு ஓஎஸ்கள் கிடைத்தன. ஒன்று விண்டோஸ். மற்றது பாஸ் லினக்ஸ். இந்த பாஸ் லினக்ஸைச் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கி, 2007இல் முதன்முதலாக வெளியிட்டது. உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியதும் ஏறத்தாழ அதே காலம்தான். ஆக, 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸின் வழித்தோன்றல் ஒன்று குமரி மாவட்டத்தில் கொல்லங்கோடு முதல் ஆரல்வாய்மொழி வரை பிளஸ் டூ பிள்ளைகளின் பைக்குள் வந்துவிட்டது.

வந்தது ஏன் நிலைக்கவில்லை? ‘லினக்ஸ் கஷ்டம்’ என்றும் ‘பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை’ என்றும் சொல்வார்கள். அது பாதி பதில்தான். மீதிப் பாதி, கணினி பழுதானபோது என்ன நடந்தது என்பதில் இருக்கிறது.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு சர்வீஸ் கடையில் மடிக்கணினியைக் கொடுத்தால் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: “ஃபார்மட் அடிச்சிரலாம், சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுங்க.” அந்தக் காலத்துக் கணினிகளில் விண்டோஸை மறுபடி போட்டால், ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கும் துவக்க நிரலை அது தன்னுடையதாக்கிக்கொள்ளும். எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் கிரப் திரை அத்துடன் காணாமல் போகும். பாஸ் லினக்ஸின் பார்ட்டிஷனைக் கடைக்காரர் தொடாமலே விட்டிருந்தாலும், அதற்குள் போக வழியிருக்காது. லைவ் சிடி ஒன்றைப் போட்டுச் சில கட்டளைகள் கொடுத்தால் பத்து நிமிடத்தில் திரும்பக் கிடைத்துவிடும். அதைச் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாததால், ‘லினக்ஸ் போயிருச்சு’ என்பதே முடிவாயிற்று.

ஃபார்மட் பழக்கத்தை இதற்காகக் கேலி செய்ய முடியாது. அதற்கென்று நியாயங்கள் உண்டு. கூலி முன்கூட்டியே தெரியும். பொருள் அன்றே கைக்கு வரும். வைரஸோ கெட்டுப்போன டிரைவரோ எதுவானாலும் ஒரே மருந்தில் தீரும். படமும் பாட்டும் தவிர வேறெதுவும் இல்லாத கணினிக்கு மூன்று மணி நேரம் செலவழித்துக் காரணம் தேடுவது கடைக்காரருக்கும் கட்டாது, வாடிக்கையாளருக்கும் கட்டாது.

ஆனால் காரணத்தைப் பார்க்காமலே அழிக்கும் முறை இது. செத்துக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் ஃபார்மட்டுக்குப் பின் சில வாரம் ஓடும். படிக்க முடியாத செக்டார்கள் கூடிவருவதை அந்த டிஸ்க்கே ஸ்மார்ட் என்ற பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும். திறந்து பார்ப்பவர் இல்லை. எஸ்எஸ்டி வந்தபின் இழப்பு இன்னும் பெரிது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அவசரமாக ஃபார்மட் செய்தாலும், மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை கோப்புகளைத் தோண்டியெடுக்க வாய்ப்பிருந்தது. எஸ்எஸ்டியில் ட்ரிம் கட்டளை போய்விட்டால், மீட்பு அநேகமாக நடக்காது. பழக்கம் மாறவில்லை, அதற்குக் கொடுக்கும் விலை கூடிவிட்டது.

இதற்கு நேரெதிர் யூனிக்ஸ் மரபு. எதையும் அழிக்கும் முன் கேள்வியைச் சிறிதாக்கு என்பது அதன் முதல் பாடம். ‘இடமில்லை’ என்று கணினி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஎஃப் கட்டளை ஒவ்வொரு பார்ட்டிஷனும் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும். டியூ கட்டளை எந்தக் கோப்புறை எவ்வளவு தின்கிறது என்று கூட்டிச் சொல்லும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த வித்தியாசமே துப்பு. அழித்த கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். அந்த நிரலை நிறுத்தினால் இடம் திரும்பி வரும். டிஎஃப் பாதி காலி என்று காட்டியும் புதுக் கோப்பு உருவாகவில்லையென்றால் கோப்புக்கு ஒன்றாக வேண்டிய ஐநோடு தீர்ந்திருக்கலாம்; சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்த சர்வரில் இது நடக்கும். எதையும் அழிக்காமல், எதையும் வாங்காமல், இரண்டு மூன்று வரிகளில் நோய் எதுவென்று தெரிந்துவிடுகிறது. தலைமுறைகள் கடந்தும் இதே கட்டளைகள் செல்லுபடியாகின்றன. ஒருமுறை கற்ற கல்வி வீண்போவதில்லை. இவ்வளவு வெளிப்படையான பழுதறியும் முறை வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

குறைகளும் அந்த வெளிப்படைத்தன்மைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. யூனிக்ஸ் தன்னை ஆள்பவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறது. டிடி கட்டளையில் ஓர் எழுத்தை மாற்றி அடித்தால், நகலெடுக்க வேண்டிய டிஸ்க்கின் மேலேயே வெற்று டிஸ்க் எழுதப்பட்டுவிடும். ‘நிச்சயமா?’ என்ற கேள்வி வராது. எஃப்எஸ்சிகே இன்னும் நுட்பமான பொறி. கோப்பமைப்பைச் சரிபார்க்கும் அந்தக் கருவி ஒவ்வொரு பிழைக்கும் அனுமதி கேட்கும். சலித்துப்போய் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். டிஸ்க் நலமாக இருந்தால் அதில் பெரிய ஆபத்தில்லை. டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால், அந்தத் திருத்தங்கள் மிச்சமிருப்பதையும் குலைக்கும். முதலில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுத்து, திருத்தத்தை அந்த நகலில் செய்ய வேண்டும். கட்டளை தெரிந்தால் மட்டும் போதாது, எதை முதலில் செய்வது என்ற வரிசை தெரிய வேண்டும். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுபவருக்குக் கட்டளை கிடைக்கும், வரிசை கிடைக்காது.

லினக்ஸின் இயல்பு அமைப்புகளிலும் சர்வர் அறையின் வாசனை போகவில்லை. ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பு இடத்தில் 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென ஒதுக்கிவைக்கும். டிஸ்க் நிரம்பி வழிந்தாலும் நிர்வாகி உள்ளே வந்து சுத்தம் செய்ய வேண்டுமே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் 1 டிபி டிஸ்க்கில் வெறும் பாடக் கோப்புகளை வைத்திருப்பவருக்கு அது ஏறக்குறைய 50 ஜிபி இழப்பு. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையால் அதைக் குறைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில் இன்னொரு தவறான நம்பிக்கையும் வளர்கிறது. குமரி இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ‘மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் இருக்கிறது, மின்சாரம் போனாலும் பரவாயில்லை’ என்பார்கள் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள். பாதிதான் சரி. 2001இல் லினக்ஸுக்கு வந்த ஈஎக்ஸ்டி3, 2008இல் நிலைபெற்ற ஈஎக்ஸ்டி4 இரண்டும் இயல்பாகக் காப்பது கோப்பமைப்பின் கணக்குவழக்கை. உள்ளே எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை அல்ல. கணினி திடீரென அணைந்தபின் சில கோப்புகள் வெறுமையாக நின்றன என்று 2009இல் எழுந்த சர்ச்சையே இதற்குச் சான்று. அதன்பின் சில பாதுகாப்புகள் சேர்க்கப்பட்டன. பிழை கண்டதும் டெபியன் வகை லினக்ஸ்கள் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்று பூட்டுவதும் ஒரு தற்காப்பே. திரையில் வரும் ஆங்கில வரியை அப்படிப் புரிந்துகொள்ளாதவர் அதையே நோயென்று கருதி, பூட்டை உடைத்து மேலும் எழுதி, கெட்டதை முற்றவிடுகிறார். 2012இல் தொடங்கிய கணியம் இதழும் து.நித்யாவின் ‘எளிய தமிழில்’ நூல்களும் லினக்ஸைத் தமிழில் அறிமுகம் செய்து நல்ல தொண்டு செய்திருக்கின்றன. ஆயினும் பழுதான நேரத்தில் திரை பேசும் மொழி இன்னும் ஆங்கிலம்தான்.

ஆக, இரண்டு முறைகளிலும் நிறைகுறை உண்டு. ஒன்றுக்கு அறிவு தேவையில்லை, தகவல் பலியாகும். மற்றதில் தகவல் பிழைக்கும், அறிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை யார் உருவாக்குவது என்பதே உண்மையான கேள்வி. பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போனால் போதும். கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது, மாஸ்டர் டிரெய்னர்களைப் பயிற்றுவித்து, பள்ளிக்கு ஓர் ஆசிரியரை ஐடி ஒருங்கிணைப்பாளராக நியமித்தது. 2017இல் அது கைட் நிறுவனமானது. 2018இல் மாணவர்களையே கொண்ட லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் வந்தன. எல்லாப் பள்ளியிலும் ஒரே ஓஎஸ் இருப்பதால் ஓரிடத்தில் கண்ட தீர்வு மற்ற இடத்திலும் பொருந்தும். மேலிருந்து வருவதை அப்படியே நிறுவும் பழக்கமாக இது சுருங்கிவிடலாம் என்ற விமர்சனத்துக்கு இடமுண்டு. ஆனாலும் பழுதானால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது.

இங்கே நாம் பெட்டியைக் கொடுத்தோம், ஓஎஸ்ஸையும் கொடுத்தோம். பேச்சிப்பாறையில் அணை மட்டும் கட்டிவிட்டு, சானலைத் தூர்வாரவும் மடையைத் திறக்கவும் ஆள் வைக்காமல் விட்டிருந்தால் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போயிருக்கும்? கட்டற்ற மென்பொருளின் லாபத்தை உரிமக் கட்டணத்தில் மட்டும் கணக்கிட்டவர்கள், மிச்சமான பணத்தில் ஒரு பங்கையாவது பராமரிப்பவருக்குச் செலவிட்டிருக்க வேண்டும்.

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. கூடவே மூன்று காரியங்கள் நடக்கலாம். கல்லூரிக்கு ஒருவர், மாத ஊதியத்துடன், பழுதறியப் பயிற்சி பெற்றவராக இருக்கட்டும். அவரிடம் வரும் ஒவ்வொரு பழுதும் அதன் தீர்வும் தமிழில் பதிவாகட்டும். அவர் மாறிப்போனாலும் அறிவு கல்லூரியில் தங்கும். ஸ்மார்ட் பதிவைப் பார்க்காமலும் நகல் எடுக்காமலும் ஃபார்மட் கிடையாது என்பது விதியாகட்டும். இந்த மூன்றாவது விதியை வடசேரியிலுள்ள ஒரு சர்வீஸ் கடையும் நாளைக்கே பின்பற்றலாம். அதற்கு லினக்ஸ் உள்ள ஒரு பென் டிரைவும், நகலை வைக்க ஒரு டிஸ்க்கும், கொஞ்சம் பொறுமையும் போதும். யூனிக்ஸ் நமக்குத் தரக்கூடிய பெரிய பயன் இலவசமாக ஓர் ஓஎஸ் கிடைப்பது அல்ல, கைவைக்கும் முன் காரணம் கேட்கும் பழக்கம். விண்டோஸ் கணினிக்கும் அது பொருந்தும்.