ஐயம் வேறு, முடிவு வேறு

காஞ்சியை அடுத்த ஐயம்பேட்டையில் பட்டுத்தறி நெய்யும் குடும்பத்து இளைஞர் இருவர், ‘தாஷ்கண்ட் பைல்ஸ்’ என்னும் இந்திப் படத்தைப் பார்த்துவிட்டு நம்மிடம் வந்தனர். “சாஸ்திரிக்கு நஞ்சிட்டனர் என்பது மெய்தானே?” என்று கேட்டனர். அவர்கட்கு அளித்த விடையே இத்திறனாய்வு.

விவேக் அக்னிஹோத்ரி இயக்கி, 2019 ஏப்ரல் 12ஆம் நாள், பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்த வேளையில் வெளிவந்த படம் அது. பரபரப்புச் செய்தி தேடும் இளம் நிருபர் ஒருத்தி, லால்பகதூர் சாஸ்திரியின் சாவைத் துருவுகிறாள். ஆய்வுக்குழு அமைகிறது, அறைக்குள் சொற்போர் மூள்கிறது. பல்லவி ஜோஷிக்குத் துணை நடிகைக்கான தேசிய விருதும் கிட்டியது. நடிப்பில் நாம் குறை காணவில்லை. நாம் கேட்பது ஒன்றே: சான்று எங்கே?

நடந்தது என்ன? பாகிஸ்தான் அதிபர் அயூப்கானுடன் 1966 சனவரி 10இல் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட சாஸ்திரி, மறுநாள் விடியுமுன் தாஷ்கண்டில் மாண்டார். மாரடைப்பு என்றனர் மருத்துவர். பிணக்கூறாய்வு அங்கும் நடக்கவில்லை, தில்லியிலும் நடக்கவில்லை. தன்னிடம் ஆவணம் ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்ட பிரதமர் அலுவலகம், அயல்நாட்டு உறவு கெடும் என்று கூறி, அதை வெளியிட 2009இல் மறுத்தது. ஐயம் எழ இவை போதும். ஆனால், கொலையென முடிவு கட்ட இவை போதுமா? போதா!

படமோ, விடையில்லாத வினாவையே விடையாக்குகிறது. “ஏன் மறைத்தார்கள்?” என்று கேட்டு, “ஆகவே கொன்றார்கள்” என்று தாவுகிறது. மறுமொழி கூற இயலாத மாண்டோர் மீதும் பழிநிழலைப் படரவிடுகிறது. நிருபர் நெடிய உரை நிகழ்த்துகிறாள், கைதட்டல் கிடைக்கிறது, உண்மை கிடைக்கவில்லை.

இதனோடு, கோஸ்டா காவ்ராஸ் 1969இல் எடுத்த ‘இசட்’ படத்தை ஒப்பிடுக. 1963 மே 22இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் லம்பிராக்கிஸ் தாக்கப்பட்டார். சில நாளில் மாண்டார். விபத்து என்றனர் அதிகாரிகள். அக்கொலையைத் தழுவிய அப்படத்தில், விசாரணை நீதிபதியும் செய்திப் படக்காரரும் சாட்சி சாட்சியாக இழை கோத்துப் பொய்யை உடைக்கின்றனர். அங்கு ஐயம் உழைக்கிறது. இங்கு ஐயம் கூச்சலிடுகிறது.

சாஸ்திரி நமக்கு உவந்த தலைவரல்லர். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்தபோது அவரே பிரதமர். சனவரி 27இல் சிதம்பரத்தில் காவலர் குண்டுக்கு மாணவர் இராசேந்திரன் பலியானார். அந்த வடு ஆறவில்லை. எனினும், மாற்றாருக்கும் உண்மை உரியது. மாற்றாரைப் பற்றிய வதந்தி நமக்கு இனிக்கிறது என்பதற்காக நம்பினால், புராணத்தை நம்புவோரைப் பழிக்க நமக்கு வாயேது?

தோழர்களே! சரிகை மின்னுகிறது என்பதற்காக உங்கள் தந்தையர் வாங்குவதில்லை. சுரண்டிப் பார்த்து, உள்ளே சிவப்புப் பட்டிழை இருக்கிறதா என்று நோக்கிய பின்னரே தறிக்குக் கொண்டுசெல்கின்றனர். திரையின் மினுக்கையும் அவ்வாறே சுரண்டிப் பாருங்கள். “நஞ்சிட்டனர்” என்று நாம் முழங்க வேண்டா, “ஆவணத்தை வெளியிடுக!” என்று முழங்குவோம். ஐயம் அறிவின் வாயிற்படி; அதையே வீடென்று எண்ணிக் குடியேறுதல் பகுத்தறிவன்று.