'ஸ்மௌஸ்' என்னும் சொல்லின் பொருள் வரலாறு

சொற்பொருள் மாற்றத்தை உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு, பொதுப்பொருட்பேறு எனப் பகுத்துரைத்தல் மொழிநூலார் மரபு. அப்பகுப்பு மாற்றத்தின் விளைவைக் காட்டுமேயன்றி, அதனை விளைத்தோர் யாவர் என்பதைக் காட்டாது. தென்னாப்பிரிக்காவில் ஊர்தோறும் பொதி சுமந்து சென்று விற்பவரைக் குறிக்கும் 'ஸ்மௌஸ்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

எபிரேயத்தில் 'கேள்' எனப் பொருள்படும் வினையடியிற் பிறந்தது 'ஷெமுஓத்'. கேள்வியுற்ற செய்திகள் என்பது அதன் பொருள். யூதர்தம் இத்திஷ் மொழியில் அது 'ஷ்மூயெஸ்' என மருவி, அளவளாவுதல் என்னும் இனிய பொருள் பெற்றது. 'ஸ்மௌஸ்' இதன்வழி வந்தது என்பர் ஒரு சாரார். மோசே என்னும் பெயரின் திரிபு என்பர் மற்றொரு சாரார். இவற்றுள் எதனைக் கொள்ளினும், யூதர் தம்முள் வழங்கிய சொல்லை டச்சு மக்கள் யூதரையே சுட்டும் இழிபெயராக்கினர் என்பது தெளிவு. அளவளாவுதலைக் குறித்த அம்மூலத்தினின்றே பிறந்த 'ஸ்மூஸ்' என்னும் டச்சுச் சொல் பொய்ச்சாக்கைக் குறிப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

டச்சு மொழியோடு கேப் நாட்டை அடைந்த இப்பெயர், 1880-க்குப் பின் லித்துவேனியாவினின்று குடியேறிய யூதருட் பலர் பண்ணைதோறும் சென்று பொருள் விற்றபோது அவரைச் சுட்டியும் வழங்கிற்று. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அது 'திரிந்து விற்றல்' என வினையாகவும், எவ்வினத்தாராயினும் அங்ஙனம் விற்பாரைக் குறிக்கும் தொழிற்பெயராகவும் விரிந்தது. இனப்பெயர் தொழிலின் பெயராக, வசைக்கூறு தேய்ந்தது. நெதர்லாந்திலோ வசை வசையாகவே நின்றது. ஆகவே சொல் ஒன்றாயினும் வரலாறு இரண்டு.

அந்நாட்டிலேயே தமிழ்ச்சொல் ஒன்றும் இந்நிலை எய்தியது. 1860-இல் சென்னையினின்று 'துரூரோ' என்னும் கப்பல் நேட்டாலை அடைந்தது முதல் தமிழர் ஆங்குக் குடியேறினர். இராமசாமி, முனுசாமி முதலாய பெயர்களின் ஈறாகிய 'சாமி', வெள்ளையர் வாயில் 'சாம்மி' எனத் திரிந்து இந்தியரை இகழும் பெயராயிற்று. காய்கனி விற்போர்க்கும் அதுவே பெயராயிற்று. 'தலைவன்' என்பதே அதன் பொருளென இந்தியர் எடுத்துரைத்ததைக் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றிற் குறித்துள்ளார்.

இதனை இழிபொருட்பேறு என்று மட்டும் கூறி அமைவோமாயின், சொல் தானே தாழ்ந்ததெனப் பொருள்படும். தமிழில் 'சாமி' தாழவில்லை. இத்திஷில் 'ஷ்மூயெஸ்' தாழவில்லை. தாழ்த்தியது பிறர் வழக்கே. ஆகலின், இத்தகைய சொற்களுக்கு அகராதி வகுப்போர் பொருளோடு, யார் யாரை அங்ஙனம் அழைத்தனர் என்பதனையும் குறித்தல் கடன்.